பாட்டி சொன்ன கதையும் பேத்தி பெற்ற துணிவும்

கதை கேட்டு வளராத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் எந்தக் கதையை, யார், எந்த வேளையில், யாருக்குச் சொல்லுகிறார்கள் என்று சற்றே கவனித்தால், ஒரு சமுதாயம் தன் பெண்மக்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பது விளங்கிவிடும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்த குடும்பங்களைப் பற்றிச் சில நூல்களைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய எண்ணம் இதுதான். அக்குடும்பங்களில் பலவற்றில் தாய் தந்தையர் பள்ளிப் படிப்பை அதிகம் கண்டவர்கள் அல்லர். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துப் பிழைத்தவர்கள். மகளுக்குக் கொடுக்க அவர்களிடம் பொருளோ பட்டமோ இல்லை, கதை இருந்தது. அக்கதைகள் மகளை எங்ஙனம் உறுதி படைத்தவளாக்கின, எங்கே அவ்வாறு ஆக்கத் தவறின என்பதை எனக்கு எட்டிய அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் இவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அமெரிக்காவில் இவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சம். நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்க நாடுகள் என்று பல இடங்களை வேராகக் கொண்டவர்கள். எல்லோரும் குடியேறி வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கலிபோர்னியா முதலிய பெருநிலப்பரப்பு மெக்சிகோவின் கையிலிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கிருந்த மக்கள் இடம் பெயரவில்லை. எல்லைக்கோடுதான் இடம் பெயர்ந்தது. ஸ்பானிய மொழியில் ஆணை 'லத்தீனோ' என்றும் பெண்ணை 'லத்தீனா' என்றும் குறிப்பார்கள். இரு பாலையும் ஒருங்கே சுட்டுவதற்காக 'லத்தீனெக்ஸ்' என்றொரு புதுச்சொல்லை அண்மைக் காலத்தில் படித்தவர்கள் ஆக்கினார்கள். ஆனால் 2020-இல் பியூ ஆராய்ச்சி மையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், தம்மை அச்சொல்லால் அழைத்துக் கொள்வதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூவரே. கதை பிறக்கும் அடுக்களையில் வழங்காத சொல் எனக்கும் வேண்டாம் என்று, 'லத்தீன் குடும்பங்கள்' என்றே எழுதுகிறேன்.

கதை சொல்வதற்கென்று அவர்கள் தனியே நேரம் ஒதுக்குவதில்லை. உணவு முடிந்தபின் எழுந்து போகாமல் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கும் வழக்கத்திற்கு ஸ்பானிய மொழியில் ஒரு பெயரே உண்டு. 'சோப்ரெமேசா' என்பது அது. கிறிஸ்துமஸ் காலத்தில் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களில் பெண்கள் கூடி 'தமாலே' செய்வார்கள். மக்காச்சோள மாவைச் சோளக்கதிரின் மட்டையில் பரப்பி, உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டி, ஆவியில் வேக வைக்கும் பண்டம். நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதால் பாட்டி, அத்தை, மருமகள், பேத்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கை வேலையும் வாய்ப் பேச்சுமாக ஒரு நாள் முழுவதும் கழியும். யார் யாரை மணந்தாள், யார் எல்லை தாண்டி வந்தாள், யார் அடி பொறுக்காமல் கணவன் வீட்டை விட்டு வந்தாள் என்பதெல்லாம் சிறுமியின் காதில் விழுவது அப்போதுதான். நவம்பர் முதல் இரு நாட்களில் இறந்தவர்களின் படங்களை அடுக்கி, அவர்கள் விரும்பிய உணவை வைத்து நினைவு கொண்டாடும்போதும் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கதை சொல்லப்படும்.

இனிக் கதைகளுக்கு வருவோம். மெக்சிகோ வழிவந்த குழந்தைகள் பெரும்பாலோர் கேட்டு நடுங்கிய கதை 'லா யோரோனா'. அழுகிற பெண் என்று பொருள். தன் பிள்ளைகளைத் தானே ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, ஆவியாகி, இரவெல்லாம் கரையில் அழுதுகொண்டு திரிகிறாள். தனியே வரும் குழந்தையைப் பிடித்துக் கொள்வாள். குழந்தைகள் இருட்டில் நீர்நிலைப் பக்கம் போகாதிருக்க இதைவிடச் சிறந்த வேலி வேறில்லை. ஆனால் பெண் குழந்தைக்கு இக்கதை இன்னொன்றையும் சொல்கிறது. தவறிய பெண்ணுக்கு விமோசனமே இல்லை, காலமெல்லாம் அழ வேண்டியதுதான் என்பது அது. இப்படிப்பட்ட கதையைக் கேட்டு ஒரு பெண் எப்படித் துணிவு பெறுவாள்?

இங்கேதான் பேத்திமார் செய்த வேலை வியப்பளிக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில் 1942-இல் பிறந்த குளோரியா அன்சல்துவா தம் பாட்டியிடம் இக்கதையைக் கேட்டு அஞ்சியவர். வளர்ந்து எழுத்தாளரானபின், 1990-களின் நடுவில் குழந்தைகளுக்காக ஒரு நூல் எழுதினார். அதில் பிரியெத்தித்தா என்னும் சிறுமி, நோயுற்ற தாய்க்கு மருந்தாகும் அருவதாச் செடியைத் தேடிப் பெரிய பண்ணையொன்றின் காட்டுக்குள் போய் வழி தவறிவிடுகிறாள். (எலுமிச்சையும் அடங்கிய ரூட்டேசிக் குடும்பத்திற்குப் பெயர் தந்ததே இந்தச் செடிதான்; தாவரவியல் மாணவி என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) அங்கே யோரோனா எதிர்ப்படுகிறாள். பிடித்துக்கொண்டு போகவில்லை. செடி இருக்கும் இடத்தைக் காட்டி, காட்டுக்கு வெளியேயும் கொண்டு வந்து விடுகிறாள். பாட்டியின் கதையைப் பேத்தி மறுக்கவில்லை. அந்த ஆவியின் முகத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டார். சிக்காகோவில் 1954-இல் பிறந்த சாந்திரா சிஸ்னெரோஸ் 1991-இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றிலும் இதே வேலை நடக்கிறது. டெக்சஸில் 'கூவும் பெண் ஓடை' என்று உண்மையாகவே ஓர் ஓடை இருக்கிறது. கணவனிடம் அடிபட்ட பெண்ணொருத்தி வேறிரு பெண்களின் உதவியால் தப்பிச் செல்லும்போது, வண்டி அந்த ஓடையைக் கடக்கிறது. வண்டி ஓட்டும் பெண் உரக்கக் கூவுகிறாள். அழுகையன்று, உற்சாகக் கூவல்!

கரப்பான்பூச்சி மார்ட்டினாவின் கதை வேறு வகை. போர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் பாட்டிகள் சொல்லிச் சொல்லி வந்த கதை. அழகிய கரப்பான்பூச்சியாகிய மார்ட்டினாவை மணக்கப் பல பிராணிகள் வருகின்றன. எல்லாரையும் ஒதுக்கி அவள் பெரெஸ் என்னும் எலியைத் தேர்ந்தெடுக்கிறாள். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பூரா பெல்ப்ரே 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தம் பாட்டி சொன்ன கதைகளில் ஒன்றுகூட அலமாரியில் இல்லை என்பதைக் கண்டார். குழந்தைகளைக் கூட்டி வைத்து ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் தாமே வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினார். மார்ட்டினாவின் கதை 1932-இல் நூலாயிற்று. லத்தீன் எழுத்தாளர்களின் குழந்தை நூல்களுக்கு 1996 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. ஒரு பாட்டியின் கதை நூலக அலமாரியில் ஏற இவ்வளவு வேலை!

கியூபாவிலிருந்து குழந்தையாக அகதிக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த கார்மன் அக்ரா டீடி 2007-இல் எழுதிய வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. மணமகனை எப்படித் தெரிந்தெடுப்பது என்று பேத்தி கேட்க, பாட்டி ஓர் உபாயம் சொல்கிறாள். வருகிறவனின் காலணியில் காப்பியைக் கொட்டிவிடு. அவன் கோபத்தில் எப்படிப் பேசுகிறான் என்று பார் என்கிறாள். சேவல் வருகிறது; காப்பி பட்டதும் கொதித்துப்போய், மனைவியான பிறகு உன்னைத் திருத்துகிறேன் என்கிறது. பன்றியும் பல்லியும் தேறவில்லை. கடைசியில் எலி வருகிறது. மார்ட்டினா கோப்பையை எடுக்குமுன், எலி அவள் காலணிமேல் காப்பியைக் கொட்டிவிடுகிறது! அவனுக்கும் கியூபாவில் ஒரு பாட்டி இருந்தாளாம்.

சிரித்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால் இதில் இருக்கும் பாடம் சிறியதன்று. கோபக்காரனைப் பொறுத்துப் போ என்று பாட்டி சொல்லவில்லை. திருமணத்திற்கு முன்பே சோதித்துப் பார் என்கிறாள். சோதிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதை வாதமாகச் சொல்லியிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும். கரப்பான்பூச்சியின் கதையாகச் சொன்னதால் தாத்தாவும் உட்கார்ந்து கேட்டிருப்பார்.

புனைகதை ஒருபுறம் இருக்க, பெற்றோர் தம் வாழ்க்கையையே கதையாகச் சொல்வது மற்றொரு வகை. இதற்கு 'கொன்செஹோ' என்று பெயர். அகராதியில் அறிவுரை என்று பொருள் இருந்தாலும், வெறும் 'செய், செய்யாதே' என்பதன்று. தாம் பட்டதைச் சொல்லி அதற்குள் அறிவுரையை வைப்பது. கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா என்னும் ஊரில் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த கோன்சா தெல்காதோ-கைத்தான் 1994-இல் இதைப்பற்றி எழுதினார். பள்ளிக்கூடத்தார், பெற்றோர் கூட்டத்திற்கு வராதவர்களைப் பிள்ளையின் படிப்பில் அக்கறையற்றவர்கள் என்று எண்ணுவது எங்கும் உள்ளதுதான். வீட்டில் இரவு நேரத்தில் நடக்கும் இந்தப் பேச்சு அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஸ்பானிய மொழியில் 'எதுகாசியோன்' என்ற சொல்லே ஏட்டுக் கல்வியை மட்டும் குறிப்பதன்று. பெரியோரை மதித்தல், பிறரோடு பழகும் பண்பு எல்லாம் அதில் அடங்கும். ஏட்டுக் கல்வி இல்லாத தாயும் அந்தப் பொருளில் ஆசிரியையே.

ஆனால் கொன்செஹோவில் ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதன் சாரம் பல வீடுகளில் ஒன்றுதான்: நாங்கள் படும் பாட்டைப் பார், படி, எங்களைப் போல் ஆகிவிடாதே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவள் நான். இதே சொல்லை நானும் கேட்டு வளர்ந்தவள். அது என்னைப் படிக்க வைத்தது உண்மை. கேட்கும்போதெல்லாம் ஒரு கூச்சமும் உண்டானது உண்மை. அம்மாவைப்போல் ஆகக்கூடாது என்று அம்மாவே சொன்னால், அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள என்னதான் மிச்சம்? இக்கேள்விக்கு விடை தேடித்தான் இந்நூல்களைப் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

டெக்சஸின் எல்லைப் பகுதியில் ஊர் ஊராகப் பயிர் வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தைப் பற்றி ஹெரார்டோ லோப்பெஸ் 2001-இல் எழுதிய ஆய்வு எனக்கு ஓரளவு விடை தந்தது. அப்பெற்றோர் பிள்ளைகளை வயலுக்கே அழைத்துச் சென்றார்கள். வெயிலையும் கூலியையும் கண்ணால் காணச் செய்தார்கள். உழைப்பு இழிவானது என்று அவர்கள் சொல்லவில்லை. பள்ளியில் கடுமையாக உழைக்கிறாயா, வயலில் கடுமையாக உழைக்கிறாயா, தேர்ந்தெடுத்துக்கொள் என்றார்கள். இரண்டிலும் உழைப்பு உண்டு. வயலில் தாய் கற்ற உழைப்பைத்தான் மகள் பள்ளிக்குக் கொண்டு செல்கிறாள் என்றால், தாயிடமிருந்து பெற்றது எதையும் அவள் விட்டுவிட வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் நன்மை செய்யும் என்று சொல்ல நான் வரவில்லை. பெண் வாய் திறவாமல் இருந்தால்தான் அழகு என்று பொருள்படும் பழமொழி ஒன்று ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்குகிறது. கன்னி மரியைப் போலப் பொறுமையே உருவாக இரு என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, மகனை ஊர் சுற்ற விடும் வீடுகளும் பல. முன்னே குறித்த சாந்திரா சிஸ்னெரோஸ் ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண். தந்தை மெத்தை நாற்காலி செய்யும் தொழிலாளி. தமக்கு ஏழு 'இஹோஸ்' என்பார். பிள்ளைகள் என்றும் பொருள், ஆண்மக்கள் என்றும் பொருள். நம் 'பிள்ளை' என்ற சொல்லும் சில வேளைகளில் இப்படித்தான். அதை அவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது ஏழு ஆண்மக்கள் என்றே ஆகிவிடும். மகள் அழிந்து போவாள். மகளை அவர் கல்லூரிக்கு அனுப்பியது, அங்கே நல்ல மாப்பிள்ளை கிடைப்பான் என்பதற்காக. அப்படி அவர் நினைத்ததே நல்லதாகப் போயிற்று, என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை, விரும்பியதைப் படித்தேன் என்று சாந்திரா எழுதுகிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸ் நாளில், ஸ்பானியத்தில் மொழிபெயர்க்கப்பட்ட தம் கதையொன்றைத் தந்தையிடம் கொடுத்தார். தந்தை வளர்ந்த மெக்சிகோ நகரப் பகுதியைப் பற்றிய கதை அது. அவர் வரி வரியாகப் படித்தார், சிரித்தார், இதில் வருபவர் இன்னாரா என்று கேட்டார், முடித்தபின் உறவினர்க்குக் கொடுக்க இன்னும் படிகள் எங்கே கிடைக்கும் என்று வினவினார். குடும்பக் கதை எப்போதும் மேலிருந்து கீழேதான் வரவேண்டும் என்பதில்லை.

கதை தெரிந்த குழந்தைக்கு உண்மையில் பலன் உண்டா என்று அறிவியல் மாணவர்கள் கேட்பார்கள். அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்னும் உளவியலார் இருபது கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றை உருவாக்கினார்கள். பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், பாட்டி எங்கே வளர்ந்தாள் என்பன போன்ற கேள்விகள். குடும்ப வரலாறு அதிகம் தெரிந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும் அதிகம் இருந்தது. ஆனால் அது லத்தீன் குடும்பங்களுக்கென்று செய்த ஆய்வன்று. மேலும், இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. உட்கார்ந்து பேச நேரமும் மனமும் உள்ள வீட்டில் இரண்டுமே வளர்ந்திருக்கலாம். ஆகவே இதை இவ்வளவோடு விடுகிறேன்.

கதை சொல்லப்படாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெண்டெஸ் குடும்பத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊர். காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். கொன்சாலோ மெண்டெஸ் மெக்சிகோவில் பிறந்தவர். மனைவி ஃபெலிசிட்டாஸ் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். போரின்போது முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜப்பானிய வழிக் குடும்பம் ஒன்றின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நம் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த அஸ்பராகஸ் பயிரிட்டு வந்தார்கள். அத்தை சோலெதாத் குழந்தைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு பள்ளியில் சேர்க்கப் போனாள். அத்தையின் பிள்ளைகள் வெளுத்த நிறம், சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மெண்டெஸ் பிள்ளைகள் கறுத்த நிறம், மெக்சிகோப் பெயர். மெக்சிகோக் குழந்தைகளின் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அத்தை சினந்து எல்லாக் குழந்தைகளையும் திருப்பி அழைத்து வந்துவிட்டாள்.

1945 மார்ச்சில் மெண்டெசும் வேறு நான்கு தந்தையரும் நான்கு பள்ளி மாவட்டங்களின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். கணவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி திரட்டியபோது பண்ணையை நடத்தியவர் ஃபெலிசிட்டாஸ். அவரும் சாட்சிக் கூண்டில் ஏறினார். தாங்கள் அமெரிக்கர்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்லித்தான் வளர்க்கிறோம், அப்படியிருக்கப் பிரித்து வைப்பது எப்படித் தகும் என்ற கருத்தில் அவர் சொன்னது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வீட்டில் மகளுக்குச் சொன்ன சொல் வழக்காடு மன்றம் வரை வந்துவிட்டது! 1946 பிப்ரவரியில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் உறுதியாயிற்று. அவ்வாண்டே கலிபோர்னியாவின் பள்ளிப் பிரிவினைச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் ஆளுநர் எர்ல் வாரன் கையொப்பமிட்டார். நாடு முழுவதும் பள்ளிப் பிரிவினை தவறென்று 1954-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எழுதியவரும் அதே வாரன்தான்.

இவ்வளவு நடந்தபோது மூத்த மகள் சில்வியாவுக்கு எட்டு ஒன்பது வயது. வெள்ளையர் பள்ளியில் அழகான விளையாட்டுத் திடல் இருந்தது. மெக்சிகோப் பள்ளியோ மாடு மேயும் நிலத்தை ஒட்டிய கொட்டகை. பெற்றோர் வழக்காடுவது அந்தத் திடலில் தான் விளையாடத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். புதிய பள்ளிக்குப் போனதும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், நீ இங்கே இருக்க வேண்டியவள் அல்ல என்று சொல்ல, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். நாங்கள் எதற்காகப் போராடினோம் என்று உனக்குத் தெரியாதா, நீயும் அவனும் சமம் என்பதற்காக அல்லவா என்று தாய் அப்போதுதான் விளக்கினார். மறுநாளும் அவள் பள்ளிக்குப் போனாள்.

தங்கை சாண்ட்ரா பின்னர்ப் பிறந்தவள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் தன் தாய் தந்தையர் நடத்திய வழக்கு இருந்தது. வீட்டிற்கு ஓடி வந்து தாயைக் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டாள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். தாயின் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்த மகள்! அந்தத் தாயின் கதையாவது புத்தகத்தில் இருந்தது. எத்தனை தாய்மாரின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய், பள்ளியை நிறுத்திய வருஷம் என்னம்மா நடந்தது என்று என் தாயைக் கேட்டேன். இப்போது எதுக்குடி அதெல்லாம் என்றார். பிறகு அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்.

கொன்சாலோ 1964-இல் காலமானார். சில்வியா செவிலியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றார். ஃபெலிசிட்டாஸ் நோயுற்றுக் கிடந்தபோது, எங்கள் வழக்கு யாருக்கும் தெரியவில்லை, நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டார். 1998-இல் தாய் மறைந்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத சில்வியா பள்ளி பள்ளியாகப் போய்க் கதை சொல்லத் தொடங்கினார். 2007-இல் அவ்வழக்கின் நினைவாக அமெரிக்க அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. 2011-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா சில்வியாவுக்கு விடுதலைப் பதக்கம் அணிவித்தார். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் சட்டப் பிரிவுகள் முதலில் வருவதில்லை. அந்த விளையாட்டுத் திடல் வருகிறது. அழ வைத்த சிறுவன் வருகிறான். எல்லாக் குழந்தைகளையும் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்தி வந்த அத்தை வருகிறாள்.